காலண்டரின் பின்பக்கம்

தம்பி,

உன் கவர் நேற்று வந்தது. உள்ளே ஒரு கடிதமும் ஜெயந்தியின் போட்டோவும் இருந்தன. கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். போட்டோவை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் அப்பா வரைந்த லட்சுமி படத்தைப் போடலாம் என்று எழுதியிருக்கிறாய். சாமி படமாகவும் இருக்கும், அம்மா படமாகவும் இருக்கும் என்கிறாய். ஒரிஜினலைப் பார்சலில் அனுப்பச் சொல்கிறாய். உன் விளம்பரக் கம்பெனியில் எல்லோரும் அதன் பிரதியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்களாம். இந்த மாதிரி முகத்தை இப்போது யார் வரைகிறார்கள் என்று கேட்டார்களாம். நீ அன்பாகத்தான் கேட்கிறாய். அது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் போனில் பதில் சொல்ல முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்துவிட்டேன்.

படம் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி.

அப்பா போனபின் வீட்டில் நான் மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். எப்படி இருக்கிறேன் என்பது தெரியாது. மில் சங்கு ஊதியதும் எழுந்திருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் கை பழகவில்லை. இரண்டு பேருக்கு வடித்துவிட்டு மீதியில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் மாடி அறையில் உட்காருகிறேன். வடக்கு ஜன்னல் வெளிச்சம் அப்படியே இருக்கிறது. அப்பாவின் போஸ்டர் கலர் புட்டிகள் காய்ந்து வெடித்துவிட்டன. மழை விட்டதும் மேற்கே மலை பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி தெரியும். இங்கே பாருங்களேன் என்று சொல்ல வாய் வரும். ஆள் இல்லை.

அப்பா அந்த அறையில் வேலை செய்வதை நீ பார்த்திருக்கிறாய். நீ பார்க்க ஆரம்பித்தபோது நான் அந்த அறைக்குள் போவதில்லை. இது அதற்கு முந்தைய கதை. மெட்ராஸில் ஓவியக் கல்லூரிப் படிப்பை முடிக்காமல், இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். நீ சென்னை என்கிறாய், எனக்கு இன்னும் மெட்ராஸ் என்றுதான் வருகிறது. அப்பா அப்போதே சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படம் வரைந்துகொண்டிருந்தார். ஓவியம் படித்த பெண் என்பதால் என்னைக் கேட்டு வந்தார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு அறையில் இரண்டு மேசை போடுவோம், அவர் ஒன்றில் நான் ஒன்றில் என்று மனதுக்குள் வரைந்து வைத்திருந்தேன். அறையில் ஒரு மேசையும் ஒரு ஸ்டூலும் இருந்தன.

முதல் வருடம் தினமும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதுகு நேராக, இடுப்பு ஒரு பக்கம் வளைந்து, தலை சாய்ந்து, கண் பாதி கீழே. கண் விஷயத்தில் அச்சகத்துக்காரர்கள் கறாராக இருந்தார்கள். ஒருநாள் ஒரு அச்சக முதலாளி எங்கள் வீட்டுக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "பார்வைய இன்னும் செத்த கீழ எறக்குங்க அண்ணாச்சி. படத்துல உள்ள பொம்பள நம்மளப் பாத்தா, பொறவு நம்ம எப்படி அவளப் பாக்க?" அப்பா சிரித்தார். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். நானும் சிரித்தேனா என்று நினைவில்லை.

எனக்குப் பிடித்திருந்தது. அதையும் உன்னிடம் சொல்ல வேண்டும். ஒருவர் மணிக்கணக்காக நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது. அதற்கு முன் யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கழுத்து வலிக்கும். காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோளுக்கு இறங்கும். அசைந்தால் "ச்சு" என்பார். கோபம் இல்லை, ஈயை ஓட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வலிக்கிறது என்று நான் சொன்னதில்லை. வலிக்கிறதா என்று அவர் கேட்டதில்லை. நல்ல மனுஷர். சட்டையில் பித்தான் அறுந்தால்கூட என்னைக் கூப்பிடாமல் தானே ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொள்வார். ஆனாலும் கேட்டதில்லை.

பிறகு, நன்றாக வந்த ஒரு முகத்தை ட்ரேசிங் தாளில் எடுத்துக்கொண்டார். என் இடது புருவத்தின் நடுவே ஒரு தழும்பு உண்டு, சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது. அந்த இடத்தில் முடி முளைக்காது. ட்ரேசிங்கில் அந்த இடைவெளியைக்கூடத் தவறவிடவில்லை. அவ்வளவு சுத்தமான கை. தாளின் பின்னால் பென்சில் தூளைத் தேய்த்து, அட்டையின் மேல் வைத்து, கோட்டின் மேலேயே கோடு இழுத்தால் முகம் இறங்கிவிடும். அதன் பிறகு நான் தேவைப்படவில்லை. நகைக்கடைக்காரர் கேட்டால் கிரீடம், தாமரை, லட்சுமி. உரக்கடைக்காரர் கேட்டால் கதிர் அரிவாள், வரப்பு. பீடிக் கம்பெனி கேட்டால் அருவி, நனைந்த சேலை. கழுத்துக்குக் கீழே உடம்பு எங்கிருந்தோ வரும், ஏதாவது ஒரு சினிமாப் பத்திரிகையிலிருந்து. கழுத்துக்கு மேலே நான்.

நீ பிறந்தாய். நான் பெருத்தேன், இளைத்தேன், காதோரம் நரைத்தது. மாடியில் அந்த முகம் இருபத்திரண்டிலேயே இருந்தது. அவர் காலையில் மேலே போய்ச் சாயங்காலம் வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் இறங்கி வருவார். ரசத்தைப் பார்த்துச் சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போவார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டு கீழே நிற்பேன். பொறாமை என்று சொல்வார்களே, அதுவாக இருக்கலாம். என்மீதே எனக்கு.

இது உனக்கு நினைவிருக்காது. நீ இரண்டாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். உன் பெரியத்தை உன் தலையைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, பிள்ளையக் காடு மாதிரிக் கூட்டியாந்திருக்க? போய் வெட்டிட்டு வா" என்றார். அப்பா மாப்பிள்ளை வீட்டாரோடு இருந்தார். நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். தேரடிப் பக்கம் போகிற தெருவில் ஒரு சலூன். பெண்கள் உள்ளே போகிற இடம் இல்லை. உன்னை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நின்றேன்.

பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. கல்லாவுக்கு மேலே லட்சுமி. அப்பா வரைந்தது. ஊதுபத்தி, புதுச் சரம், நெற்றியில் நிஜக் குங்குமம். கடைக்காரர் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் படத்தின் புருவத்திலும் தழும்பு இருந்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "வழிய விட்டு நில்லும்மா, மூட வருது."

மூட்டை உள்ளே போயிற்று. அப்போது சலூனிலிருந்து உன் குரல் வந்தது. "எங்கம்மா! அந்தா, எங்கம்மா!"

எட்டிப் பார்த்தேன். உனக்கு எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே அருவிப் படம்.

"ஏலே, ஒங்கம்மாவா?" என்றார் முடி வெட்டுகிறவர். "அப்பம் நீ நமக்குச் சொந்தக்காரம்லா. தெனமும் இவிய மொகத்துலதாம்ல கடையத் தொறக்கேன்."

"மொகத்துல மட்டுந்தானா?" இது பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நீயும் சிரித்தாய். "நெசமாத்தான். புருவத்துல வெட்டு இருக்குல்லா? எங்கம்மாவுக்கும் இருக்கு."

பெஞ்சுக்காரர் அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வாசல் பக்கம் திரும்பிவிட்டு அவர் தொடையைத் தட்டினார். "அண்ணாச்சி, சும்மா இருங்க. அவிய வாசல்ல நிக்காவ."

கத்தரிச் சத்தம் நின்றது. எல்லோரும் என் புருவத்தைப் பார்த்தார்கள். பிறகு படத்தை. பிறகு தரையை. வெட்டுகிறவர் சீப்பை வைத்துவிட்டு, எக்கிக் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்தார். திருப்பி மாட்டினார். "தெரியாமப் போச்சும்மா. மனசுல வச்சுக்கிடாதீங்க."

சுவரில் ஒரு வெள்ளைத் தாள்.  உன் முடியை வெட்டி முடிக்கிறவரை நான் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். நீ அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். "படம் நல்லா இருந்தாத்தான நாலு பேரு பேசுவான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது நீ இல்லட்டி. அது படம்," என்றார். அப்படியானால் தழும்பை எடுத்துவிடுங்கள் என்றேன். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அத எடுத்தா மொகத்துல உசுரு போயிரும்," என்றார்.

அது நான் இல்லை. உயிர் மட்டும் என்னுடையது. மீதி வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பத்மாவை உனக்குத் தெரியும். என் கல்லூரித் தோழி. சிகரெட் பிடிக்கிற அத்தை என்று நீ பயந்து பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். அவளுக்கு சலூன் கதையை எழுதினேன். ஆறுதல் எதுவும் எழுதாமல் ஒரு கட்டு ஜெராக்ஸ் அனுப்பினாள். பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு கட்டு வந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து. உன் பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். நீ தேடி அழுத நாட்களில் அகராதி என் தலையணைக்கு அடியில் இருந்தது.

அமெரிக்காவில் ஒருத்தி தன் உடம்பை, தான் குனிந்து பார்க்கும்போது தெரிகிறபடி வரைந்திருந்தாள். மார்பு, வயிறு, முழங்கால், தூரத்தில் கால்விரல். முகம் இல்லை. நம் முகம் நமக்குத் தெரியாதுதானே. இன்னொருத்தி ஆண்களைப் படுக்க வைத்து வரைந்திருந்தாள், நூற்றாண்டுகளாகப் பெண்களைப் படுக்க வைத்த அதே தலையணைகளில், அதே சாய்வில். பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஆண் படுத்தால் ஏன் சிரிப்பு வருகிறது என்று பிறகு யோசித்தேன். சில பெண்கள் கொரில்லா முகமூடி மாட்டிக்கொண்டு அருங்காட்சியகங்களைக் கேள்வி கேட்டார்கள். சுவரில் இருக்கும் படங்களில் எத்தனை பெண்கள், அந்தப் படங்களை வரைந்தவர்களில் எத்தனை பெண்கள் என்று எண்ணிச் சொன்னார்கள். முகமூடியைக் கழற்றவே இல்லை. முகத்தைக் கொடுக்காமலும் பேசலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நம் நாட்டிலும் பம்பாயில், டெல்லியில், பரோடாவில் பெண்கள் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்கள், வயசான பெண்களை, கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்களை, யாருக்கும் முகம் காட்டாமல் தங்கள் பாட்டுக்கு இருக்கும் பெண்களை வரைகிறார்கள் என்று பத்மா எழுதினாள். அந்தப் படங்களில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. ஜெராக்ஸில் எல்லாம் கரியாக இருந்தன. ஆனால் அவற்றைப் படித்துக்கொண்டிருக்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். இத்தனை பேருக்கு வலித்திருக்கிறது.

மறுபடியும் வரைய ஆரம்பித்தேன். தாள் தேடிப் போகவில்லை. அச்சகங்கள் மாதிரிக்கு அனுப்பிய பழைய காலண்டர்கள் பரணில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். சலூன் சுவரில் பார்த்த அதே வெள்ளை.

முதலில் வரைந்தது என் கால்களை. அரிவாள்மனையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குத் தெரிகிறபடி. அடுத்து எதிர்வீட்டுச் செல்லக்கனியைக் கேட்டேன். அவள் அப்போது மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் இருந்தாள். ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு வாசல்படியில் உட்கார்ந்து டீ குடிப்பாள். அதை வரைய ஆசை. ஜெராக்ஸ்களில் அப்படிப் படங்கள் இருந்தன. அலங்காரம் இல்லாத உழைக்கும் பெண். நாளைக்கு வாரேன் என்றாள். மறுநாள் பட்டுச் சேலையில் வந்து நின்றாள். முகத்தில் பவுடர். கழுத்தில் கவரிங் ஆரம், அதன் மேல் தங்கச்சியிடம் இரவல் வாங்கிய இன்னொரு ஆரம்.

"என்ன செல்லம் இது? நேத்து படியில இருந்தியே, அந்த மாதிரி..."

"தலையெல்லாம் பஞ்சோடயா? அத எவ பாப்பா? எம் புருசனே பாக்க மாட்டாரு."

"அதுதான் நெசமான..."

"ஏக்கா, ஒனக்குன்னா கிரீடம் வச்சுத் தாமரையில ஒக்காத்தி வைப்பாவ, ஊரே கும்பிடும். எனக்குன்னா பஞ்சும் வேர்வையுமாக்கும்? நல்லா இருக்கே ஒன் ஞாயம்."

 அவள், நான் மாடியிலிருந்து இறக்கி வைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சேலை மடிப்பைச் சரிசெய்தாள். "பொறவு, நீ என்னத்தப் போடுதன்னு எனக்குத் தெரியணும். அந்தக் கண்ணாடிய ஒனக்குப் பின்னால வையி." பீரோவைத் திறந்து அதன் கண்ணாடிக் கதவை எனக்குப் பின்னால் வருகிற மாதிரி திருப்பி வைத்தேன். என் தோளுக்கு மேலே கண்ணாடியில் படம் வளர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூக்க எதுக்கு இம்புட்டுப் பெருசாப் போடுத?"

"பெருசாத்தான இருக்கு."

"இருந்தா? அழி."

அழித்தேன். சின்னதாகப் போட்டேன். "ஐய, வெள்ளக்காரி மாதிரி இருக்கு. பழையபடியே போடு." நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். கழுத்தை இரண்டு பக்கமும் நெட்டி முறித்தாள். "எப்படிக்கா இதுல வருசம் பூரா ஒக்காந்த? ஒனக்கு வலிக்கலையா?"

முதன்முதலில் அதை என்னிடம் கேட்டது அவள். அவள் ஏதோ டீ கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நான் பென்சில் சீவுகிற மாதிரி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

படத்தில் அவள் இரண்டு ஆரத்தோடும் இருக்கிறாள். நேராகப் பார்க்கிறாள். அருவிப் படத்தின் பின்பக்கத்தில் அதை வரைந்தேன். பத்மாவுக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் பட்டு, மறுபடியும் நகை, காலண்டரிலிருந்து இது எங்கே வேறாகிறது என்று எழுதினாள். கண்ணாடியில் என்று பதில் எழுதினேன். அந்தப் பதில் போதுமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அதன் பிறகு யாரை வரைந்தாலும் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். அழி என்றால் அழித்தேன். தேவதானத்திலிருந்து வருகிற எங்கள் பள்ளிக்கூட ஆயா, தூங்குகிற மாதிரி தன்னை வரையச் சொன்னாள். பகலில் ஒருநாளாவது தூங்கின மாதிரி இருக்கட்டும் என்றாள். வரைந்து முடிப்பதற்குள் நிஜமாகவே தூங்கிவிட்டாள்.

நீ மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு கண்காட்சி வைத்தோம். உனக்குப் பரீட்சை, வர வேண்டாம் என்று எழுதினேன். பரீட்சை ஒரு சாக்கு. பத்மாவும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் படங்களோடு வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர் தன் கடை மாடியைக் கொடுத்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். கொடிக்கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் என் தாள்களை நடு அறையில் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் அப்பாவின் அச்சுப் படம். சுற்றி வந்தால் மறுபக்கம் நான் வரைந்தது. காற்றடித்தால் தாள்கள் தாமாகவே திரும்பிக்கொண்டன.

கூட்டம் இல்லை. பாத்திரம் எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அருவிப் பக்கத்தில் வசதியாக நின்றுகொண்டிருந்தார். காற்று வந்து தாள் திரும்பியது. செல்லக்கனி அவரை நேராகப் பார்த்தாள். அவர் இறங்கிப் போய்விட்டார். அந்த ஒரு காட்சிக்காக நான் அத்தனையும் செய்தேன் என்றுகூடச் சொல்வேன். செல்லக்கனி தன் மில் சிநேகிதிகளோடு ஷிப்டு முடிந்து வந்தாள்.

"ஏட்டி, நீயா இது?"

"பின்ன, ஒங்கம்மாவா?"

தன் படத்துக்கு முன்னாலிருந்து அவள் நகரவே இல்லை.

அப்பா மறுநாள் மத்தியானம் வந்தார். பத்மாவும் மற்றவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் நானும் அவரும்தான். அவர் படங்களின் பின்னால் நான் வரைகிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. கடைசித் தாளுக்கு வந்தார். லட்சுமி. அச்சுப் படத்தை எங்கே பார்த்தாலும் கலர் தள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் பழக்கம். உதட்டில் சிவப்பு கொஞ்சம் தள்ளியிருந்தது. "ச்சு" என்றார். பிறகு சுற்றி மறுபக்கம் வந்தார். அங்கே நான் இருந்தேன். நாற்பது வயதில், பீரோக் கண்ணாடியைப் பார்த்து என்னை நானே வரைந்தது.

ரொம்ப நேரம் நின்றார். "தழும்பு பக்கம் மாறிருச்சு," என்றார்.

"மாறல. கண்ணாடியில எனக்கு அப்படித்தான் தெரியும்."

"எடது புருவம்லா?"

"எடதுதான். எதுக்க இருந்து பாக்குற உங்களுக்கு அது வலது பக்கம் தெரியும். கண்ணாடியப் பாக்குற எனக்கு எடது பக்கமே தெரியும்."

அதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கிளிப்பைக் கழற்றினார். அச்சகத்தில் செய்கிற மாதிரி தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முன்பக்கத்து லட்சுமி பின்பக்கத்துக்கு ஊடுருவித் தெரிந்தாள். இருபத்திரண்டும் நாற்பதும் ஒன்றன்மேல் ஒன்று. கன்னம் சேரவில்லை. வாய் சேரவில்லை. கண்கள் சேரவே இல்லை, ஒரு ஜோடி கீழே பார்த்தது, ஒரு ஜோடி நேராகப் பார்த்தது. தழும்பு மட்டும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. நான் அளந்து வரையவில்லை.

"உக்காந்திருக்கு," என்றார். கலர் சரியாக விழுந்தால் அச்சுக்காரர்கள் சொல்கிற வார்த்தை.

அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். இப்போது திரும்புவார் என்று நினைத்தேன். ஒரு தடவை. அவர் தாளைக் கயிற்றில் மாட்டினார். கிளிப் நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். தாளைப் பார்த்தபடியே, "சாப்டியாட்டி?" என்றார்.

"சாப்டேன்," என்றேன். சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த ட்ரேசிங் தாளை எடுக்கவில்லை. படங்களில் வேறு முகங்கள் வந்தன, சினிமா முகங்கள். அச்சகங்கள் பழைய முகத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது எனக்காகச் செய்ததா, அல்லது அந்த மத்தியானத்தோடு அந்த முகம் அவருக்குக் கெட்டுப்போயிற்றா? இப்போது கேட்க ஆள் இல்லை. இரண்டு வருடம் முன்பு அவர் போனபின் மேசை இழுப்பறையில் அந்தத் தாளைப் பார்த்தேன். மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிப் பழுப்பாகியிருந்தது. அங்கேயே வைத்து மூடிவிட்டேன். அவர் இருந்தபோதும் நான் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அப்போது மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம் இருந்தது.

இனி உன் போட்டோ.

நீ எடுத்தது என்று எழுதியிருக்கிறாய். நல்ல போட்டோ. வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விட்டிருக்கிறாய். ஜெயந்தி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு நேராக, இடுப்பு ஒரு பக்கம் வளைந்து, தலை சாய்ந்து, கண் பாதி கீழே. அப்பா என்னை உட்கார வைத்ததை நீ பார்த்ததே இல்லை. யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. சலூனிலும் பலசரக்குக் கடையிலும் நம் வீட்டுச் சுவரிலும் பார்த்துப் பார்த்து அதுதான் பெண் உட்காருகிற விதம் என்று உன் கைக்கு வந்திருக்கிறது. அவள் காதுக்குக் கீழே ஒரு நரம்பு புடைத்திருக்கிறது. நீ கவனித்திருக்க மாட்டாய். மடியில் ஒரு கை மற்றொரு கையின் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நானும் அப்படித்தான் பிடித்துக்கொள்வேன்.

விளம்பரத்துக்கு வாசகம் எழுதுகிறவள், வாய் ஓயாமல் பேசுவாள், ஆபீஸே அதிரச் சிரிப்பாள் என்று போன மாதம் எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணை இந்தப் போட்டோவில் தேடுகிறேன். வரப்போகும் மருமகளை முதன்முதலாகப் பார்க்கிறேன், தம்பி. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லட்சுமியை அனுப்ப மாட்டேன். பத்திரிகையில் படம் வேண்டுமென்றால் ஜெயந்தியைக் கேள். அவள் பட்டும் நகையும் வேண்டும் என்றால் அப்படியே எடு. பஞ்சுத்தூசி வேண்டுமென்று நீ தீர்மானிக்காதே. படமே வேண்டாம் என்றாலும் சரி. வெள்ளை அட்டை எனக்குப் பழக்கம். அந்தப் போட்டோ எடுத்த அன்று அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று அவளிடம் கேட்டுப் பார். வலித்ததா என்றும் கேள். வலிக்கவில்லை என்றுதான் முதலில் சொல்வாள். உன்மேல் உள்ள பிரியத்தில் சொல்வாள். இன்னொரு தடவை கேள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஸ்டூல் மாடியில்தான் இருக்கிறது. ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, செல்லக்கனியின் புருஷன் ஆப்பு வைத்துச் சரிசெய்து கொடுத்துவிட்டார். உன்னை அதில் உட்கார வைத்து வரையப் போகிறேன். உன்னைக் குழந்தையில் வரைந்தது, அதன் பிறகு இல்லை. ஜெயந்தி என் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பீரோக் கண்ணாடியைத் திருப்பி வைக்கிறேன், மூக்கு பெரிதாக இருந்தால் சொல், அழித்துவிடலாம். எப்படி வேண்டுமானாலும் உட்கார். கண்ணை மட்டும் இறக்காதே. என்னை நேராகப் பார். இந்த வீட்டில் என்னை யாராவது நேராகப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

கழுத்து வலித்தால் சொல். நிறுத்திவிடுவேன்.

அம்மா